ஆண்டவர் தங்கும் வீட்டில் கணக்குத் தீர்ப்பது

"தேவன் எனக்குள் வாசம்பண்ணுகிறார் என்று விசுவாசிக்கிறேன். ஆனால் ஜெபத்தில் உட்கார்ந்தால் உள்ளே வெறுமையாக இருக்கிறது." சபைகளில் ஆலோசனை தேடி வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. அதற்கு மருந்தும் அவர்களே தீர்மானித்துக்கொண்டுதான் வருவார்கள்: இன்னொரு உபவாசக் கூட்டம், இன்னொரு முழு இரவு ஜெபம், பெயர்பெற்ற ஊழியக்காரர் ஒருவர் தலையில் கைவைத்து ஜெபிப்பது. அவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செய்யவேண்டும் என்று நன்றாகத் தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற காரியம் ஏதாவது இருக்கிறதா? பலருக்குப் பதில் யோசிக்காமலே வந்துவிடும். ஒரு பெயர், ஒரு தொகை, பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு அண்ணன் வீடு.

அந்த ஒரு காரியத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போவதுதான் நம்மில் பலருடைய ஆவிக்குரிய வாழ்க்கையின் நோய்.

இயேசு பிடிபட்ட இரவில் சீஷர்களோடு பேசியதையும் ஜெபித்ததையும் யோவான் 13 முதல் 17 வரை ஐந்து அதிகாரங்களில் படிக்கிறோம். மொத்தம் 155 வசனங்கள். சத்தமாக வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 14:23-ஐ மட்டும் தனியே எடுத்து மனப்பாடம் செய்கிறவர்கள் ஒருமுறையாவது அந்த ஐந்தையும் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். "ஒருவன் என்னில் அன்பாயிருந்தால், அவன் என் வசனத்தைக் கைக்கொள்ளுவான்" என்று தொடங்கி, பிதாவும் குமாரனும் அவனிடத்தில் வந்து வாசம்பண்ணுவோம் என்று முடிகிற வாக்கு அது. எந்த வசனத்தைக் கைக்கொள்வது என்று தேடி எங்கும் போகவேண்டாம். சற்றுமுன்தான், அதே மேசையில், அவர் சீஷர்களின் கால்களைக் கழுவியிருக்கிறார். நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள் என்று 13:14-ல் சொல்லியிருக்கிறார். ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்ற புதிய கட்டளை 13:34-ல் இருக்கிறது. ஆகவே தேவன் நம்மில் தங்குவதைப் பற்றிய கேள்வி நேராகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு மட்டும் இதைத் தீர்த்துவிட முடியாது.

பழைய ஏற்பாட்டிலும் இப்படித்தான். சாலொமோன் கட்டிய ஆலயம் 60 முழ நீளம், 20 முழ அகலம், 30 முழ உயரம். 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம் கல், மரம், பொன் என்று அளந்துகொண்டே போகிறது. கட்டட விவரத்தின் நடுவே, 11 முதல் 13 வரையுள்ள வசனங்களில், கர்த்தர் குறுக்கிடுகிறார். நீ என் கட்டளைகளில் நடந்தால் நான் இஸ்ரவேல் புத்திரரின் நடுவிலே வாசம்பண்ணுவேன் என்கிறார். பிறகு மறுபடியும் பலகையும் பொன்னும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரம் நிறுத்தப்பட்ட நாளைச் சொல்லும் யாத்திராகமம் 40-ல், "கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே" என்ற சொற்றொடர் ஏழு முறை வருகிறது. அதற்குப் பிறகுதான் 34-ஆம் வசனத்தில் மேகம் கூடாரத்தை மூடுகிறது.

இதை வாசித்துவிட்டுத் தவறான முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு: எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி முடித்தால்தான் ஆண்டவர் உள்ளே வருவார் என்று. அப்படி எண்ணுகிறவர் இரண்டு பக்கமும் விழுவார். நன்றாக நடந்த வாரத்தில் பெருமை வரும். இடறிய வாரத்தில் ஆதாமைப்போல் ஒளிந்துகொள்ளத் தோன்றும். கலாத்தியர் 3:2-ல் பவுல் கேட்பது இதைத்தான். ஆவியைப் பெற்றது கிரியைகளினாலா, விசுவாசத்தோடு கேட்டதினாலா? எசேக்கியேல் 36:27-ம் அதே வரிசையில்தான் பேசுகிறது: முதலில் ஆவியானவரை உள்ளத்தில் வைக்கிறார், பிறகு கட்டளைகளில் நடக்கப்பண்ணுகிறார்.

எரிகோவில் சகேயுவின் வீட்டில் (லூக்கா 19) இந்த வரிசையைக் கண்ணால் காணலாம். வரி வசூலிக்கிறவர்களின் தலைவன் அவன், இயேசுவைப் பார்க்க ஒரு மரத்தில் ஏறியிருந்தான். அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுக்கவில்லை. மரத்தைவிட்டு இறங்கக்கூட இல்லை. அதற்குள் இயேசு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுக்கு நாலத்தனை என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் பிறக்கிறது. விருந்தாளி வந்தது கணக்கினால் அல்ல. ஆனால் அவர் வந்த வீட்டில் கணக்கு தீராமல் இருக்கவும் இல்லை. மூன்றாவது ஒன்றும் கவனிக்கத்தக்கது: சகேயு தொகையைச் சொல்கிறான். "இனி நல்லவனாக இருப்பேன்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்ளவில்லை.

இனி அந்தக் கணக்கைப் பற்றி. ஒப்புரவாவது பற்றி நம் பிரசங்கங்களில் நிறையக் கேட்கிறோம், திருப்பிக் கொடுப்பது பற்றி மிகக் குறைவாகக் கேட்கிறோம். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது.

ஒரு தாள் போதும். நான்கு கட்டங்கள்: யாருக்கு, என்ன, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். சங்கீதம் 139:23-24-ஐ வாசித்து, தேவனே என்னை ஆராயும் என்று கேட்டபிறகு எழுதத் தொடங்குங்கள். நினைவை நாமே குடைந்துகொண்டிருந்தால் தாள் பத்துப் பக்கமாகும், மனம் கலங்கும், ஒன்றும் நடக்காது. கேட்டுவிட்டு அமைதியாக இருக்கும்போது மேலே வருவதை மட்டும் எழுதினால் பெரும்பாலும் நாலைந்து வரிகளுக்குமேல் போகாது. வழக்கமாக வருபவை இவை: திருப்பிக் கொடுக்காத கைமாற்று, பாதியில் கட்டாமல் விட்ட சீட்டு, வீட்டு வேலைக்கு வருகிறவருக்குப் பிடித்துவைத்த சம்பளம், நாற்று நட்டவர்களுக்குக் குறைத்த கூலி, கொஞ்சம் கொஞ்சமாக அடுத்தவர் பக்கம் நகர்ந்த வரப்பு, கட்டாயப்படுத்தி வாங்கிய வரதட்சணை, அலுவலகத்தில் போட்ட பொய்ப் பயணப்படி.

அளவுக்கு லேவியராகமம் 6:5 வழிகாட்டுகிறது: முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். 10,000 ரூபாய் என்றால் 12,000. இது கிறிஸ்தவர்களுக்கு வட்டிவிகிதம் போட்ட சட்டம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்து முதலை மட்டும் நீட்டுவது இழந்தவருடைய பக்கத்தைக் கணக்கில் எடுக்காத செயல் என்பதை அந்த ஐந்தில் ஒன்று நமக்குக் காட்டுகிறது. பலி செலுத்துகிற அதே நாளில் உரியவருக்குக் கொடுத்துவிடவேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. பீடத்துக்கு ஒரு நாள், மனிதருக்கு வேறொரு நாள் என்று பிரிக்க இடமில்லை.

பட்டியலில் எல்லாரையும்விட ஏழையாக இருப்பவரிடம் முதலில் போங்கள். பெரும்பாலும் நாம் மரியாதைக்குரியவரிடமிருந்துதான் தொடங்க விரும்புவோம். அவர் நம்மைப் பாராட்டுவார், தொகையைக்கூட வேண்டாம் என்பார். கூலி குறைந்தவருக்கோ அந்தப் பணம் இன்றைக்கே தேவை. அவருடைய கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் முழுத்தொகையையும் வாய்விட்டுச் சொல்லி, மாதம் ஆயிரம், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி என்று வரையறுத்துக்கொள்ளலாம். "இருக்கும்போது தருகிறேன்" என்பது பழைய கடனை நீட்டிக்கிற பேச்சுதான்.

நேரில் பேசும்போது மூன்று வாக்கியங்கள் போதும். இன்ன ஆண்டில் உங்களிடம் இன்னது எடுத்தேன். அது தவறு. இதோ அது, மன்னித்துக்கொள்ளுங்கள். நான்காவது வாக்கியம் பெரும்பாலும் "ஆனால்" என்று தொடங்கும், அங்கேதான் காரியம் கெட்டுப்போகும். அந்தக் காலத்தில் எங்களுக்கும் கஷ்டம், நீங்களும்தான் அன்றைக்கு அப்படிப் பேசினீர்கள் என்று போய், மன்னிப்புக் கேட்க வந்தவர் வழக்குப் பேசிவிட்டுத் திரும்புவார்.

எல்லாவற்றிலும் அதிகமாக நடக்கிற தவறு, உரியவருக்குக் கொடுக்கவேண்டியதைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது. முகம் பார்க்கவேண்டாம், வெட்கம் இல்லை, ஸ்தோத்திரக் காணிக்கை என்று பெயரும் வந்துவிடுகிறது. உரியவரும் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லை என்றால் மட்டுமே அது கர்த்தருக்கு என்று எண்ணாகமம் 5:8 தெளிவாக வைத்திருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்குப் போகவேண்டும்.

அறிக்கையிடுதலுக்கும் எல்லை உண்டு. தவறு எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் அறிக்கை போனால் போதும். ஒருவருக்குச் செய்ததைச் சபைமுன் சாட்சியாகச் சொல்வது கேட்பவர்களுக்கு உருக்கமாக இருக்கலாம், பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு அவமானமாகும். அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். தாம்பத்தியத்தைத் தொடுகிற பாவங்களையும், சட்டத்தின்கீழ் வரும் குற்றங்களையும் நம்பிக்கைக்குரிய போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ முதலில் பேசி, தேவையானால் வழக்கறிஞரையும் கேட்டு நடப்பது நல்லது. விளைவைத் தவிர்க்க அல்ல, சரியாக ஏற்றுக்கொள்ள.

மனஸ்தாபங்களுக்கு வருவோம். நம்மேல் குறையுள்ள சகோதரன் ஒருவன் நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு அவனிடம் போகச் சொல்கிறார் இயேசு, மத்தேயு 5:23-24-ல். திருவிருந்து ஞாயிறன்று முன்வரிசையில் நடந்துபோய், மறுபக்கத்தில் முழந்தாளிடும் சொந்தத் தம்பியைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்! காரணம் எடுத்துப் பார்த்தால் பாகப்பிரிவினையாக இருக்கும், அல்லது சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் தேர்தலாக இருக்கும். மனஸ்தாபம் இருப்பதால் திருவிருந்தில் பங்குபெறாமல் உட்கார்ந்துவிடுவதைச் சிலர் பயபக்தி என்று எண்ணுகிறார்கள். வசனம் சொல்வது பீடத்தைவிட்டு ஒதுங்கி உட்கார அல்ல, எழுந்து போய் ஒப்புரவாகித் திரும்பி வர.

போகிறபோது தனியாகப் போங்கள். மத்தேயு 18:15 சொல்வதும் அதுவே. மைத்துனரையும் மூப்பரையும் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். சொத்துப் பிரச்சினையை அதே நாளில் தீர்த்துவிட முயலவேண்டாம். பேசாமல் இருந்ததற்கும் பேசிய வார்த்தைகளுக்கும் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள், பத்திரமும் அளவும் வேறொரு நாளைக்கு. அவர் கதவைச் சாத்திவிட்டால்? "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 வரம்பு கட்டியிருக்கிறது. உங்கள் பங்கு முடிந்தது. மறுவருடம் கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் ஒருமுறை போகலாம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அடிக்கிற கணவனிடம் திரும்பிப்போவதைக் கீழ்ப்படிதல் என்று பெண்களுக்குப் போதிப்பது கொடுமை. மன்னிப்பது வேறு, அடிபடும் இடத்தில் தங்குவது வேறு. அந்தச் சகோதரிக்குப் பாதுகாப்பான இடம் தேடிக் கொடுப்பதுதான் அங்கே சபையின் கீழ்ப்படிதல்.

சபை என்றதும் இன்னொன்று. நம் ஜெபங்களில் "என் உள்ளம்", "என் இருதயம்" என்றே கேட்கிறோம். ஆனால் தேவனுடைய ஆலயம் யார் என்று சொல்லும்போது 1 கொரிந்தியர் 3:16 "நீங்கள்" என்று கூட்டமாகத்தான் பேசுகிறது. எபேசியர் 2-ஆம் அதிகாரம் யூதருக்கும் மற்ற ஜனங்களுக்கும் இடையே நின்ற நடுச்சுவர் தகர்ந்ததைச் சொல்லி, அதன் முடிவில்தான் ஆவியினாலே தேவனுடைய வாசஸ்தலமாகச் சேர்த்துக் கட்டப்படுவதைச் சொல்கிறது. தமிழ்ச் சபைகளுக்கு இது வெறும் உவமை அல்ல. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, திருவிருந்தில் ஒன்றாகப் பங்குபெறமாட்டோம் என்று விலகிப்போனவர்கள் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் இருந்தார்கள். இன்றைக்குச் சுவர் ஆலயத்துக்குள் இல்லை, கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் நிற்கிறது. தேவன் உள்ளத்தில் தங்குகிறார் என்று சாட்சி சொல்கிற குடும்பம், மகளுக்கு வரன் பார்க்கும்போது எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறது என்பதைக் கவனித்தால் போதும். தள்ளிப்போட்ட கீழ்ப்படிதல்களில் நம்மிடையே மிகப் பழையது இதுதான்.

பரிசுத்த ஆவியானவரைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 4:30-ல் இருக்கிறது. அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் பார்த்தால் அவரைத் துக்கப்படுத்துவது எது என்பது விளங்கும்: பொய், சூரியன் அஸ்தமித்தபிறகும் தணியாத எரிச்சல், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு, கூக்குரல், தூஷணம். பெரும்பகுதி நாக்கு சம்பந்தப்பட்டது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்புப் போடும்போதே பிரசங்கியாரின் குடும்பத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் "ஜெபத்திற்காக மட்டும்" என்ற தலைப்போடு யாரோ ஒருவருடைய மகளின் காரியம் சுற்றுகிறது. இதற்கு எளிய வேலி ஒன்று உண்டு: ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றினால், அவர் பக்கத்தில் நின்றால் இதே வார்த்தைகளில் சொல்வேனா என்று கேட்டுக்கொள்வது. சொல்லிவிட்டால் அன்றைக்கே சரிசெய்வது. பொழுதுசாயும் நேரத்தை வசனம் குறித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரவு தாண்டிய கோபத்துக்குக் காலையில் நியாயங்கள் சேர்ந்துவிடும்.

இரவில் படுக்குமுன் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நிமிஷம் நன்றி, அதுவும் பெயர் சொல்லி: மதியம் உதவியவர், கிடைத்த பேருந்து, தணிந்த காய்ச்சல். நன்றியில் தொடங்காமல் பாவத்தில் தொடங்கினால் ஆராய்தல் சீக்கிரம் தன்னைத்தானே குத்திக்கொள்வதாக மாறிவிடும். அடுத்து, அன்றைக்கு ஆண்டவர் தடுத்தும் மீறிய இடம், சொல்லியும் செய்யாத இடம் என்று ஒன்றிரண்டை மட்டும் எடுத்து 1 யோவான் 1:9-ஐப் பிடித்து அறிக்கையிடுங்கள். கடைசியாக, நாளைக்குச் செய்யவேண்டிய ஒன்றை நேரத்தோடு எழுதுங்கள். "அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் செய்ய ஒன்றும் இராது. "காலை பத்து மணிக்குச் சித்திக்குப் போன் செய்வேன்" என்று எழுதினால் செய்தோமா இல்லையா என்று மறுநாள் தெரியும்.

சிலருக்கு இந்தப் பத்து நிமிஷம் ஆபத்தாகும். அறிக்கையிட்ட பாவத்தையே நாற்பது முறை அறிக்கையிடுவார்கள், மன்னிப்புக் கிடைத்ததா என்று மறுபடியும் தொடங்குவார்கள். ஆவியானவர் கண்டித்து உணர்த்துவது குறிப்பாக இருக்கும்: இன்ன வார்த்தை, இன்ன ஆள், போய்ச் சரிசெய். செய்ததும் சமாதானம் வரும். பெயரும் இடமும் இல்லாமல் "நீ உருப்படமாட்டாய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் குரலுக்குக் கீழ்ப்படிய ஒன்றுமே இல்லை, அதை ஆண்டவருடைய சத்தம் என்று எண்ணவேண்டாம். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று 1 யோவான் 3:20 இவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஒருமுறை சொல்லி, ஒரு சங்கீதம் வாசித்து, விளக்கை அணைத்துவிடுங்கள்.

குடும்ப ஜெபத்தைப் பற்றிச் சுருக்கமாக. பதினைந்து நிமிஷத்துக்குமேல் வேண்டாம். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, இரண்டு பேர் ஜெபம். சிறுபிள்ளை இருந்தால் பாட்டைத் தெரிந்தெடுக்கும் வேலையை அதற்குக் கொடுங்கள். ஜெபத்தில் பிள்ளைகளைத் திட்டக்கூடாது. "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான், நீர்தான் புத்தி கொடுக்கவேண்டும்" என்று கண்மூடிச் சொல்வது ஆண்டவரிடம் பேசுவது அல்ல, அவர் பெயரில் மகனிடம் பேசுவது. அவனுக்கு அது நன்றாகவே தெரியும். மனைவியைச் சரியாக நடத்தாத கணவனின் ஜெபம் தடைபடும் என்பது 1 பேதுரு 3:7. வீட்டில் ஜெபம் கனமாக இருந்தால் அதை நடத்துகிற தகப்பன் அந்த வசனத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரு பழக்கத்தை விட்டவர்களுக்கு லூக்கா 11:24-26 மிக அவசியம். பெருக்கி ஜோடிக்கப்பட்ட வீட்டுக்குத்தான் முன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகள் வருகின்றன. வீடு சுத்தமாக இருந்ததில் தவறில்லை, உள்ளே ஆள் இல்லை. குடியை விட்டவருக்கு மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை காலியாகக் கிடக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கு வேலை, சாப்பாடு, கூட்டாளி என்று ஏற்பாடு செய்யாமல் "விசுவாசத்தோடு இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் விழுவதில் நமக்கும் பங்கு உண்டு. சபையில் ஒருவர் அந்த நேரத்தில் தினமும் அவரோடு நடக்கப் போகலாம். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஜெபத்தோடுகூட மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும்.

எல்லாம் சரிசெய்தும் வறட்சி நீங்காத காலங்களும் உண்டு. அப்போது மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை. சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் பாவத்தைக் கேட்கவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையும் அங்கே அவன் கேட்ட கர்த்தருடைய மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகு வந்தவை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அதில் அவிசுவாசம் இல்லை. அந்த நாட்களில் ஜெபத்தைச் சுருக்குங்கள். சொந்த வார்த்தை வராதபோது ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தாலே ஜெபம்தான். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முடிந்தால் வாரத்தில் ஒருநாள், படுக்கையில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள், கால்மணி நேரம் போதும். நாம் ஒருவரிடத்திலொருவர் அன்புகூர்ந்தால் தேவன் நமக்குள் நிலைத்திருக்கிறார் என்று 1 யோவான் 4:12 சொல்கிறது. அன்றைக்கு நமக்கு அது தெரியவேண்டும் என்று அந்த வசனம் கேட்கவில்லை.